சொற்களை உடுத்த ஆடைகள்: நோர்வே நாட்டார் உடைப் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாறு அரண்மனைகளிலும் கல்வெட்டுக்களிலும் மாத்திரம் எழுதப்பட்டிருப்பதில்லை. அச்சமூகத்துப் பெண்கள் பெட்டியில் மடித்துவைத்த உடுபுடைவைகளிலும், அவற்றிற்கு அவர்கள் வழங்கிய பெயர்களிலும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி பொதிந்துள்ளது. மன்னரின் உடைகள் காலப்போக்கில் அரும்பொருட்சாலைகளைச் சென்றடைகின்றன. உழவரின் உடைகளோ கிழிந்து, ஒட்டுப்போடப்பட்டு, ஈற்றிற் கந்தையாகி மறைகின்றன. ஆடை மறைந்த பின்னரும் சிலகாலம் எஞ்சி நிற்பது அதன் பெயரே. ஆதலின் உடைகள் பற்றிய ஆய்வு பெரும்பாலும் சொற்கள் பற்றிய ஆய்வாகவும் அமைந்துவிடுகின்றது. இதற்கு நோர்வே நாட்டின் நாட்டார் உடைகள் தக்கதோர் உதாரணமாகும்.

ஆண்டுதோறும் மே மாதம் 17ஆந் திகதி, 1814இல் எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில் அரசியலமைப்பு நிறைவேற்றப்பட்ட நாளை நோர்வே மக்கள் கொண்டாடுகின்றனர். அன்று அந்நாட்டின் நகர்களிலும் சிற்றூர்களிலும் பாடசாலைப் பிள்ளைகளின் ஊர்வலங்கள் நடைபெறும். பெண்களுட் பலரும் ஆண்களுட் சிலரும் கம்பளித் துணியாலாகிய, பூவேலைப்பாடும் வெள்ளி அணிகளும் பொருந்திய உடைகளை அணிந்து தெருவில் நிற்பர். இவ்வுடைகளுக்குப் பொதுப்பெயர் பூனாட் என்பதாகும். ஏறத்தாழ 450 வகைப் பூனாட்டுக்கள் உள்ளன என்பர். அணிந்திருக்கும் உடையைக் கொண்டே அணிந்தவரின் மாவட்டத்தை அறிந்துகொள்ளத்தக்கவர் அந்நாட்டிற் பலர் உளர். 2024இல் யுனெஸ்கோ நிறுவனம் பூனாட் மரபினை மானிட குலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இவ்வுடைகளை முதன்முதலாகப் பார்க்கும் அந்நியர் அவற்றை ‘பண்டைக்கால உடை’ என்று எளிதிற் கூறிவிடுவர். ஆனால் பூனாட் என்னுஞ் சொல் இன்றைய பொருளில் வழங்கத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலமே ஆகின்றது. பழையதெனக் கருதப்படும் உடைக்குப் புதியதொரு பெயர் ஏன் வேண்டப்பட்டது என்ற வினாவே இச்சொற்களின் உலகினுள் நுழைவதற்கு ஏற்ற வாயிலாகும்.

1814ஆம் ஆண்டு வரை 400 ஆண்டுகளுக்கும் மேலாக நோர்வே டென்மார்க்குடன் இணைந்திருந்தது. பின்னர் 1905 வரை சுவீடனுடன் ஒரே முடியின்கீழ் இருந்தது. டேனிஷ் ஆட்சிக் காலத்தில் நாட்டின் எழுத்துமொழி டேனிஷ் மொழியாகவே ஆயிற்று. அரச அலுவலரும் மதகுருமாரும் நகரத்து வணிகரும் அம்மொழியிலேயே எழுதினர். பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த உழவரின் பேச்சு, இலக்கணமற்ற கொச்சையாகவே படித்தோராற் கருதப்பட்டது. இந்நிலையில் ஈவார் ஓசன் (1813–1896) என்னும் உழவர் குடும்பத்து மைந்தர் கிராமங்கள்தோறும் நடந்து திரிந்து கிளைமொழிச் சொற்களைத் திரட்டினார். 1848இல் நாட்டார் மொழியின் இலக்கணத்தையும் 1850இல் அதன் அகராதியையும் வெளியிட்டார். அவ்வடித்தளத்தின் மீது அவர் அமைத்த எழுத்துமொழி 1885இல் அரச மொழியாக டேனிஷ் வழிவந்த மொழியுடன் சம அந்தஸ்துப் பெற்றது. நீநொர்ஸ்க், அதாவது புதிய நோர்வே மொழி, என இன்று வழங்குவது அதுவேயாகும்.

மொழித்துறையில் ஓசன் செய்ததை உடைத்துறையிற் செய்ய முற்பட்டவர் ஹுல்டா கார்போர்க் (1862–1934) என்னும் பெண்மணி. எழுத்தாளரும் நாட்டார் ஆடல்களுக்குப் புத்துயிரளித்தவருமான இவர், ஓசனின் மொழியிலே பெரும் படைப்புக்களை ஆக்கிய ஆர்னெ கார்போர்க்கின் மனைவியாவார். இவர் 1903இல் வெளியிட்ட நோர்வே உடை பற்றிய சிறுநூலின் தலைப்பிலே ‘க்லேடெபூனாட்’ என்ற சொல் இடம்பெற்றது. பழைய நோர்ஸ் மொழியிலே பூனாட் என்பதன் மூலச்சொல் உடை, தளபாடம், வீட்டுச்சாமான் முதலிய பொருள்களைத் தாங்கி நின்றது. ‘குடியிருத்தல்’ எனப் பொருள்படும் வினையடியினின்றும் அது பிறந்தது. உழவரைக் குறிக்கும் ‘பொண்டெ’ என்ற சொல்லும் அதே வேரினின்றும் கிளைத்ததாகும். குடியிருப்போர் உழவர், குடியிருப்போரின் பொருள் பூனாட். சுவீடனுடனான இணைப்பு முறிவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், டேனிஷ் வாசனை படாத இச்சொல் தெரிவுசெய்யப்பட்டமை தற்செயலானதென்று கொள்ளுதல் கடினம்.

அதற்கு முன்னரும் நோர்வே உடைக்கு ஒரு ‘தேசிய’ வடிவம் இருந்ததுண்டு. 1848இல் அடோல்ஃப் திடெமாண்ட், ஹான்ஸ் கூடெ ஆகிய இருவரும் இணைந்து தீட்டிய ஹார்டாங்கர் மணவூர்வல ஓவியம் அந்நாட்டுத் தேசிய உணர்வின் அடையாளமாகவே போற்றப்பட்டது. மேற்குக் கரையிலுள்ள ஹார்டாங்கர் மாவட்டத்தின் பெண்ணுடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘நசியோனால்’, அதாவது தேசிய உடை, என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. சிவந்த மேற்சட்டையும் கரும் பாவாடையும் வெண்ணிற முன்துணியும் கொண்ட அவ்வுடையை நகரத்துப் பெண்களும் விரும்பி அணிந்தனர். ஒரு மாவட்டத்தின் உடையே முழு நாட்டிற்கும் உரியதாக்கப்பட்ட இந்நிலைக்கு மாறாக, அவ்வம் மாவட்டத்தார் அவ்வம் மாவட்ட மரபிற்கேற்ற உடையையே கொள்ளவேண்டுமென ஹுல்டா கார்போர்க் வற்புறுத்தினார். எனவே பூனாட் என்னுஞ் சொல் பொதுச்சொல்லாயினும், அது பன்மையை உள்ளடக்கியதோர் ஒருமையாகும்.

இவ்விடத்திற் பிறிதொரு வேறுபாடும் மனங்கொள்ளத்தக்கது. ‘ஃபோல்கெடிராக்ட்’ என்பது நாட்டார் உடை. வயலுக்கும் கோயிலுக்கும் திருமணத்திற்கும் சாவீட்டிற்கும் மக்கள் தம் வழமைப்படி அணிந்த உடை அது. பூனாட் என்பது அவ்வுடையைத் தழுவி, விழாநாள்களில் அணிவதற்கென மீட்டெடுக்கப்பட்டது. நாட்டார் உடையை அணிந்த உழத்தி அதனை ‘மரபு’ என்று கருதியிருக்கமாட்டாள். அது அவளுக்கு ‘உடுப்பு’ மாத்திரமே. அவள் பேர்த்தியின் பேர்த்திக்கு அது மரபாகின்றது. இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவதே பூனாட் என்னுஞ் சொல்லின் பணி எனலாம்.

பொதுப்பெயர் கற்றோராற் தெரிவுசெய்யப்பட்டதாயினும், உடையின் உறுப்புக்களுக்குரிய பெயர்கள் உழைப்போரின் வாய்வழியே வந்தவை. பாவாடையைக் குறிப்பது ‘ஸ்தக்’ என்னுஞ் சொல். அதனோடு அடைகள் சேரும்போது மாவட்டங்களின் தனித்தன்மைகள் புலனாகின்றன. கிழக்குத் தெலமார்க்கின் ‘பெல்தெஸ்தக்’ இடையிற் சுற்றப்படும் நீண்ட நெய்த கச்சையாற் பெயர்பெற்றது. குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கின் ‘ரொண்டஸ்தக்’ அதன் வரிகளாற் பெயர்பெற்றது. சேதெஸ்டாலிலே வெள்ளைப் பாவாடை, கறுப்புப் பாவாடை, சிவப்புப் பாவாடை என நிறத்தாற் பெயரிட்டு, வேளைக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தனர். தெலமார்க்கின் ஆடவர் உடையொன்று ‘சாம்பற் சட்டை’ எனவும் பெண்டிர் உடையொன்று ‘செஞ்சட்டை’ எனவும் பொருள்படும் பெயர்களை உடையன. அலங்காரமற்ற இப்பெயர்களில் அணியிலக்கணம் எதுவுமில்லை. கண்டதைக் கண்டவாறு கூறும் உழவரின் மொழியே உள்ளது.

மார்பையும் முதுகையும் இறுகப்பற்றும் கையில்லாச் சட்டைக்கு ‘லீவ்’ என்பது பெயர். அதே சொல் நோர்வே மொழியில் உயிரையும் வாழ்வையும் குறிக்கும், இடையையும் குறிக்கும். உடம்பும் உடம்பில் உறையும் உயிரும் உடம்பை மூடும் துணியும் ஒரே சொல்லில் அடங்குதல் அம்மொழியினருக்கு வியப்பூட்டுவதில்லை. வேற்றுமொழியாளர் ஒருவர் அகராதியைப் புரட்டும்போதுதான் அது வியப்பாகின்றது. கட்டமிட்ட துணியாலாகிய ‘ரூதாலீவ்’ என்பதனை அச்சொல்லுக்கு முதற்பொருள் கொண்டு மொழிபெயர்க்க முனைந்தால் ‘கட்டமிட்ட உயிர்’ என்றாகிவிடும். ஒரு சொல்லை அறிதல் வேறு, அச்சொல்லினுள் வாழ்தல் வேறு என்பதை இச்சிறு உதாரணம் தெளிவாக்குகின்றது.

ஹார்டாங்கர் உடையில் லீவின் முன்புறத்தே செருகப்படும் மணிவேலைப்பாடுடைய துணி ‘பிரிங்கெக்லூத்’, அதாவது மார்புத்துணி, எனப்படும். இடுப்பிற்கு முன்னே தொங்கும் துணி ‘ஃபோர்க்லே’. முன்னே உள்ள துணி என்பது அதன் நேர்ப்பொருள். அடுப்படியில் அழுக்குப்படாமற் காக்க எழுந்த இம்முன்துணி, விழாவுடையில் மிக்க வேலைப்பாடுடைய உறுப்பாக மாறியது. ஹார்டாங்கரின் வெண்ணிற முன்துணியில் இழைகளை எண்ணியும் அறுத்தும் இழுத்தும் செய்யப்படும் வெண்ணூல் வேலை, அம்மாவட்டத்தின் பெயரையே தாங்கி உலகெங்கும் தையற் பயில்வோரிடையே அறியப்பட்டுள்ளது. ஒரு மலைநாட்டு மாவட்டத்தின் பெயரை உலகிற் பலர் அறிந்திருப்பது ஊசிமுனையின் உதவியாலாகும்.

சில சொற்கள் உடுத்தவளின் சமூக நிலையைப் பறைசாற்றின. தலையை மூடும் துணியாகிய ‘ஸ்கௌத்’ மணமான பெண்ணுக்குரியது. மணமாகாதவள் தலைதிறந்து நடக்கலாம். மணமானவள் கூந்தலை மறைத்தல் வேண்டும். ஹார்டாங்கரிலே இத்துணி கஞ்சியிட்டு நுண்ணிய மடிப்புக்களாக மடிக்கப்பட்டு, விரிந்த வெண்சிறகுபோல் தலையிலே நின்றது. பழைய நோர்ஸ் மொழியிலே இதே சொல் சதுரத் துணியின் மூலையையும் பாய்மரத்துப் பாயின் மூலையையும் குறித்தது. கடலோடிகளின் பாயும் அவர்தம் மனைவியரின் முக்காடும் ஒரே சொல்லாற் சுட்டப்பட்டன. இன்று மணமான பெண்களுட் பெரும்பாலோர் பூனாட் அணியும்போது ஸ்கௌத்தை அணிவதில்லை. ஆடையின் அழகு பேணப்படுகின்றது. அவ்வாடை விதித்த கட்டுப்பாடு கைவிடப்படுகின்றது. மரபைப் போற்றுவோரும் மரபிலிருந்து தெரிந்தெடுக்கவே செய்கின்றனர் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கழுத்தருகே சட்டையைப் பூட்டும் வெள்ளி அணி ‘சோல்யெ’ எனப்படும். அதில் தொங்கும் சிறு கரண்டி வடிவத் தகடுகள் ஒவ்வோர் அசைவிலும் ஒளிர்ந்து ஒலிக்கும். மலைக்கடியில் வாழும் மறைவான மாந்தர் மனிதக் குழந்தையைத் திருடித் தம் குழந்தையை மாற்றிவைப்பர் என்ற அச்சம் அந்நாட்டுக் கிராமங்களில் நிலவியது. திருமுழுக்குப் பெறாத குழந்தையின் துணியில் வெள்ளியைக் குத்திவைத்தால் அவ்வாபத்து அணுகாதென நம்பினர். இன்று அணிகலப் பெட்டியிற் கிடக்கும் சோல்யெ, ஒருகாலத்திலே தாயொருத்தியின் அச்சத்திற்கு மருந்தாகவும் விளங்கிற்று.

இச்சொற்களை ஆராயுமிடத்து, நாட்டார் உடை வெளியுலகின் தொடர்பற்றுப் பள்ளத்தாக்கினுள்ளேயே விளைந்ததென்ற எண்ணமும் தகர்கின்றது. ‘வத்மேல்’ எனப்படும் தடித்த கம்பளித் துணி வீட்டிலே நெய்யப்பட்டது. துணி, அளவு என்னும் இரு சொற்களின் சேர்க்கையான அப்பெயர், அத்துணி ஒருகாலத்திற் பணத்திற்குப் பதிலாக அளந்து கொடுக்கப்பட்டதை நினைவூட்டுகின்றது. ஆனால் அதே உடையிற் பட்டுக் கைக்குட்டையும், அச்சிட்ட பருத்தித் துணியும், டமாஸ்க்குத் துணியும் காணப்படுகின்றன. இவை கப்பலேறி வந்தவை. ஆடவரின் முழங்காற் காற்சட்டை பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாகரிகத்தின் எச்சமாகும். தெலமார்க்கின் ‘ரூசெசௌம்’ எனப்படும் கம்பளி நூற் பூவேலையில், நகரத்து மாளிகைகளை அலங்கரித்த பரோக், ரொக்கோக்கோ பாணிகளின் கொடிகளும் சுருள்களும் கிராமத்துப் பெண்ணின் கையிலே புதுவடிவம் பெற்றுள்ளன. வெளியிலிருந்து வந்ததை ஏற்றுத் தனதாக்கிக்கொள்ளும் ஆற்றலே அம்மரபின் உயிர்நாடி. தூய்மையை அதிற் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

எள்ளலும் இச்சொற்களில் இல்லாமலில்லை. சேதெஸ்டாலின் கரிய பின்னற் சட்டையில் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். அதற்கு மக்கள் இட்ட பெயர் ‘லூசெகோஃப்தெ’, அதாவது பேன் சட்டை. இன்று உல்லாசப் பயணிகள் பெருவிலை கொடுத்து வாங்கும் சட்டைக்குப் பேனின் பெயர் நிலைத்திருப்பது, பெயரிட்டோர் கடை முதலாளிகளல்லர் என்பதை உணர்த்துகின்றது.

இவ்வாறு மக்கள் வாயில் வளர்ந்த பெயர்களுக்கு இருபதாம் நூற்றாண்டிலே கண்காணிப்பும் ஏற்பட்டது. ஹுல்டா கார்போர்க் பழைய வடிவங்களைத் தம் காலத்தவரின் தேவைக்கேற்பச் சுதந்திரமாக மாற்றியமைத்தார். அவர் வழிவந்த க்லாரா செம்ப் (1884–1970) பழைய மாதிரிகளை இயன்றவரை பிசகாது பின்பற்றவேண்டுமென வாதிட்டார். 1947இல் பூனாட் பற்றி ஆலோசனை கூற ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. அப்பணியை இன்று மேற்கொள்ளும் நிறுவனம் வால்ட்ரெஸ் மாவட்டத்து ஃபாகெர்னெஸ் நகரில் உள்ளது. பூனாட்டுக்களை ஐந்து வகைகளாகப் பிரித்து நோக்கும் வழக்கமும் எழுந்தது. வழக்கறாது தொடர்ந்துவந்த உடை, வழக்கொழிந்த குறித்தவோர் உடையை அடியாகக் கொண்டது, சான்றுகளைத் திரட்டி முறையாக மீளமைத்தது, எஞ்சிய சில உறுப்புக்களைக் கொண்டு ஆக்கியது, முழுமையாகவோ பகுதியாகவோ கற்பனையில் அமைத்தது என்பனவே அவ்வைந்துமாகும். வடபுலத்து நோர்லண்ட் மாவட்டத்தின் பூனாட், வெஃப்சனிற் கிடைத்த பழைய துணித்துண்டொன்றை ஆதாரமாகக் கொண்டு 1920களில் உருவாக்கப்பட்டது. ஆயினும் அம்மாவட்டத்தார் அதனை நேசிப்பதில் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆய்வாளரின் வகைப்பாடு உடையின் வயதைக் கூறும்; அணிந்தவரின் உள்ளத்தை அளக்காது.

மக்களும் இதற்கு விடை கூறாமலில்லை. தவறான சப்பாத்து, பொருந்தாத அணி, மாவட்டம் மாறிய தொப்பி என்று குறைகாண்போரை அவர்கள் ‘பூனாட்ஸ்பொலிதி’, அதாவது பூனாட் பொலிஸ், என்று கேலிசெய்கின்றனர். கேலிச்சொல்லாயினும், மரபின் சொந்தக்காரர் யார் என்ற பழைய வழக்கினை அது ஒரே சொல்லில் எடுத்துரைக்கின்றது.

அவ்வழக்கின் கடுமையான பக்கம் வடக்கிலே காணப்படுகின்றது. நோர்வேயின் வடபுலத்தில் வாழும் சாமி மக்களின் உடை வடசாமி மொழியில் ‘காக்தி’ எனப்படும். அது பூனாட் அன்று. தனக்கெனத் தனி வரலாறும் இலக்கணமும் உடையது. அதனை நோர்வே மொழியிற் சட்டை எனப் பொருள்படும் ‘கோஃப்தெ’ என்னும் பொதுச்சொல்லால் வழங்கினர். நோர்வே உழவரின் கிளைமொழி ஏற்றம்பெற்ற அதே காலப்பகுதியிலே, சாமிச் சிறார்களின் மொழியைப் பாடசாலைகளிலிருந்து அகற்றும் கொள்கையும் நடைமுறைப்படுத்தப்பட்டது. கரையோரச் சாமிக் கிராமங்கள் பலவற்றிலே காக்தி அணிவது நாணத்திற்குரியதாகிப் பல குடும்பங்களில் மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது படிப்படியாக மீண்டது. இக்கொள்கையின் விளைவுகளை ஆராய நாடாளுமன்றம் நியமித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2023இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஒடுக்கப்பட்டவர் தம் சொல்லை மீட்டெடுத்த ஒரு நாடு, தன்னிலும் எளியோரின் சொல்லை ஒடுக்கிற்று. பூனாட்டின் பெருமையைப் பேசுவோர் இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

அதேவேளை, பூனாட் கண்ணாடிப் பேழைக்குள் உறைந்துவிடவுமில்லை. 2019இல் மகப்பேற்று விடுதிகளை மூடுவதை எதிர்த்து, பெண்கள் பூனாட் அணிந்து தெருவிலிறங்கினர்; தம்மைப் ‘பூனாட் கெரில்லாக்கள்’ என அழைத்துக்கொண்டனர். பாட்டியின் உடை பேர்த்தியின் பிரசவ உரிமைக்குக் கொடியாயிற்று. இன்னொரு புறம், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் மே 17 ஊர்வலத்தில் தம் பாடசாலையாருடன் நடக்கின்றனர். இலங்கைத் தமிழரின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். அப்பிள்ளைகள் பூனாட் அணியலாமா, அணியின் எம்மாவட்டத்ததை அணிவது என்னும் வினாக்கள் அந்நாட்டிற் பேசப்படுகின்றன. பூனாட் என்ற சொல்லின் வேர் குடியிருத்தலைக் குறிப்பது என்பதை நினைவிற்கொண்டால், பிறப்பினும் வாழ்விடத்திற்கே அச்சொல் நெருங்கியது என்பது புலனாகும்.

ஆகவே நாட்டார் உடைச் சொற்களை விளங்கிக்கொள்ளுதல் என்பது பாவாடைக்கும் சட்டைக்கும் முன்துணிக்கும் நேர்ச்சொற்களைத் தேடும் பயிற்சியாக மாத்திரம் அமையலாகாது. ஒவ்வொரு சொல்லையும் ஆக்கியவர் யார், தெரிந்தெடுத்தவர் யார், அதனால் உயர்ந்தவர் யார், அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் எனக் கேட்டறிதலே உண்மையான விளக்கமாகும். நோர்வே உழவரின் உடைக்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்தமை மகிழ்ச்சிக்குரியது. அப்பெயர் கதவாக அமையுமா வேலியாக அமையுமா என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை. அவ்வுடையை அணிந்து தெருவில் நடப்போரே தீர்மானிக்கின்றனர்.